நாக மன்னர் இருவரும் ஓர் இருக்கையும்

இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களோடு, ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண் என்று பல இடங்களிலிருந்து நேரலையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மெல்பேர்ணில் நள்ளிரவு கடந்திருக்கும். தூக்கம் வந்தால் தயங்காமல் போய்ப் படுங்கள், உரையை எழுத்தில் பிறகு வாசிக்கலாம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு அகந்தையை விடுதல் பற்றியது. அதைப் பௌத்தத்தின் 'அநான்மா' என்ற கருத்தோடு சேர்த்துப் பேசச் சொன்னார்கள். ஊன்ட்றொப்புக்கு வந்து, காமாட்சி அம்பாளின் கோபுரம் தெரிகிற தூரத்தில், புத்தரைப் பற்றிப் பேசப்போகிறீர்களா என்று ஒரு நண்பர் கேட்டார். இதற்குப் பொருத்தமான ஊர் ஐரோப்பாவில் இதைவிட வேறு இல்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கோயில் 1989இல் ஹம் நகரில் மிகச் சிறிய அளவில் தொடங்கியது. ஊர்வலத்துக்கு வரும் கூட்டம் பெருகப் பெருக, நகரத்தை விட்டு இந்தத் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. 2002 ஜூலை 7ஆம் திகதி குடமுழுக்கு. 17 மீற்றர் உயரக் கோபுரம். பக்கத்தில் டாட்டல்ன்–ஹம் கால்வாய், சற்றுத் தள்ளி மின் நிலையம். இங்கே இருப்பவள் காஞ்சியின் காமாட்சி. அந்தக் காஞ்சிக் கோயிலின் உட்பிராகாரத்தில் கோபிநாத ராவ் புத்தர் சிலைகளைக் கண்டு, 1915இல் அதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவற்றில் ஒன்று ஏழு அடிக்கு மேல் உயரம், நின்ற நிலை. இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலில் இதை எடுத்துக்காட்டி, அந்தக் கோயில் முன்பு தாராதேவியின் இடமாக இருந்தது என்ற முடிவுக்குப் போகிறார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சிலைகள் ஒரு கோயிலுக்குள் வந்து சேர்வதற்குப் பல வழிகள் உண்டு. ஆனால் காஞ்சியில் பௌத்தம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஏழாம் நூற்றாண்டில் அங்கு நூறு மடங்களுக்கு மேல் இருந்ததாகச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதுகிறார். நாலந்தாவின் ஆசிரியர் தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று சொல்பவரும் அவரே. பாளியில் பெரும் உரைகள் எழுதிய புத்தகோசர் காஞ்சியில் தங்கியதைத் தன் நூலின் முடிவில் குறிப்பிடுகிறார். சோழநாட்டுப் புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து எழுதினார். 'நான்' என்று ஒன்று இருக்கிறதா என்ற விவாதம் தமிழ் நிலத்தில் பல நூற்றாண்டுகள் நடந்தது.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அகந்தையை விடு என்று சைவமும் சொல்கிறது, பௌத்தமும் சொல்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்றில்லை. கோயிலில் தேங்காய் உடைக்கும்போது ஆணவம் உடைகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆணவம் என்ற சொல் அணுவிலிருந்து வருவது. எங்கும் பரந்த உயிரை அணுவளவாகச் சுருக்கிவிடும் அழுக்கு அது. அழுக்கு நீங்கினால் உயிர் அதன் இயல்போடு நிற்கும், சிவத்தைச் சேரும். பௌத்தரிடம் கேட்டால், அழுக்கை நீக்கிப் பார், உள்ளே ஒருவரும் இல்லை என்பார். உடல், உணர்ச்சி, குறிப்பு, செயல், அறிவு என்ற ஐந்து கந்தங்களின் ஓட்டம் மட்டும் உண்டு. தேங்காய் உருவகத்தை அவரிடம் கொடுத்தால் ஓடு, தும்பு, பருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துவிட்டு, இதில் தேங்காய் எது என்று கேட்பார்.

மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் கேட்டது இதே கேள்விதான், அங்கே உதாரணம் தேர். அச்சு தேரா, சில்லு தேரா, நுகம் தேரா? இவை எதுவும் தேர் இல்லை. இவற்றை விட்டுத் தனியாகவும் தேர் இல்லை. இவை சேர்ந்திருக்கும்போது வழங்கும் பெயர் தேர். ஒவ்வொரு கோடையிலும் இங்கே ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கிறோமே, அந்தத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் பொய் என்று நாகசேனர் சொல்லவில்லை. தேர் ஓடுகிறது, ஆளை ஏற்றிச் செல்கிறது. பெயருக்குப் பின்னால் தனியாக ஒரு பொருளைத் தேடாதே என்றுதான் சொன்னார்.

தமிழில் இந்தச் சிந்தனை முழுதாகக் கிடைப்பது மணிமேகலையில். அதன் முப்பதாவது காதையில் சார்பிற்றோற்றத்தின் பன்னிரு கண்ணிகளும் தமிழில் இருக்கின்றன. அவித்தை என்பதற்குப் பேதைமை, ஸ்பரிசத்துக்கு ஊறு, திருஷ்ணைக்கு வேட்கை, உபாதானத்துக்குப் பற்று. பேதைமையிலிருந்து தொடங்கிப் பிறப்பும் அதன் துன்பமும் வரை ஒன்று இன்னொன்றுக்குச் சார்பாக வருகிறது. இடையில் எங்கும் ஓர் 'ஆள்' தேவைப்படவில்லை. அநான்மா என்ற சொல்லையே சாத்தனார் அந்தக் காதையில் வைக்கிறார். நிலையாமை, துன்பம் இவற்றோடு சேர்த்துச் சிந்தித்துப் பற்றை அறுக்க வேண்டிய ஒன்றாக.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது அந்த இடத்தை அவர் எங்கே வைத்தார் என்பது. கடைசியில். மணிமேகலை முதலில் மணிபல்லவத்தில் தன் பழைய பிறப்பை அறிகிறாள். அடுத்து அமுதசுரபி கிடைக்கிறது. பிறகு பசித்தவர்களுக்கு உணவிடுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். உதயகுமரன் வெட்டுண்டு இறக்கிறான். அவளே சிறை புகுந்து மீள்கிறாள். வஞ்சிக்குப் போய்ப் பத்துச் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். பஞ்சம் பிடித்த காஞ்சிக்கு வந்து அங்கும் சோறிடுகிறாள். இவ்வளவுக்கும் பிறகுதான் அறவண அடிகள் அவளுக்கு அநான்மாவைச் சொல்கிறார். வயிறு காய்ந்தவனிடம் போய் நீ என்று ஒருவன் இல்லை என்று சொல்கிற துறவி அந்தக் காப்பியத்தில் கிடையாது.

இன்னொன்று. வஞ்சியில் சமயவாதிகளிடம் போகும்போது அவள் ஓர் ஆண் தவசியின் வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் பொருளைச் சொல்லமாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் முன்பே எச்சரித்திருக்கிறது. ஆன்மா உண்டு, இல்லை என்று வாதாடுகிற அறிஞர்கள், எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்று பார்த்துத்தான் வாய் திறந்தார்கள் போலும். சாத்தனார் இதைச் சிரிக்காமல் சொல்கிறார்.

பௌத்தத்துக்கு எதிரான வாதங்கள் கூர்மையானவை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் கேட்கிறது: உயிர் இல்லை என்று சொல்கிறாயே, இல்லை என்று சொல்வது எது? என் உடல், என் கை என்கிறாயே, அந்த 'என்' யாருடையது? அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியாக எடுத்து மறுக்கிறார். சமணரின் நீலகேசி பௌத்தரின் குண்டலகேசியைத் தாக்குவதற்காகவே எழுந்தது. குண்டலகேசி அழிந்துவிட்டது. நமக்குக் கிடைத்திருப்பது சில பாடல்கள். அவையும் பெரும்பாலும் புறத்திரட்டாலும் நீலகேசி உரையாலும் தப்பியவை. வாதத்தில் வென்றவர்கள்தான் தோற்றவரின் குரலைக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறார்கள். வெறுப்பு மட்டும் இருந்திருந்தால் இதுவும் மிஞ்சியிருக்காது. அறுபத்து மூவரில் ஒருவரான சாக்கிய நாயனார் காஞ்சியில் பௌத்தராகி, சைவத்துக்கு மனம் திரும்பிய பிறகும் அந்தத் துவராடையைக் களையாமல், நாள்தோறும் சிவலிங்கத்தின் மேல் கல் எறிந்து வழிபட்டவர். எந்த வேடமும் 'நான்' ஆகிவிடாது என்பதற்குச் சைவத்துக்குள்ளேயே இப்படி ஒரு கதை இருக்கிறது. நாயன்மார் வரிசையில் என் மனதுக்கு நெருக்கமானவர் அவர்.

பதினோராம் நூற்றாண்டு வரை தமிழகத்தில் பௌத்தத்துக்கு இடம் இருந்தது. சைவனான இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. தமிழ் இலக்கணத்துக்கு வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். அதன் பிறகு மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஆட்கள் போனார்கள், கட்டடங்கள் போயின, கடைசியில் சொற்களும் போயின. சொற்கள் எவ்வளவு தூரம் போயிருந்தன என்பதை உ.வே.சாமிநாதையர் வழியாகத்தான் அறிகிறோம். மணிமேகலையைப் பதிப்பிக்க அவர் முனைந்தபோது அதன் பௌத்தப் பகுதிகளை விளக்கக்கூடிய தமிழ்ப் புலவர் ஒருவரும் கிடைக்கவில்லை. கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியர் ஐரோப்பிய அறிஞர்களின் ஆங்கில நூல்களை வாசித்து அவருக்கு விளக்கினார். 1898இல் பதிப்பு வந்தது. தமிழில் எழுதப்பட்ட அநான்மாவைத் தமிழர் ஒருவர் ஆங்கிலம் வழியாகத் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே 1898இல்தான் அயோத்திதாசப் பண்டிதர் ஒல்கொட்டோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்று, சென்னைக்குத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அவருக்குப் பௌத்தம் நூலகத்தில் கிடைத்த பொருளாக இருக்கவில்லை. சாதியால் மறுக்கப்பட்ட மதிப்பை மீட்கும் வழியாக இருந்தது. இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. 'நான்' என்று நிமிர்ந்து சொல்லவே அனுமதிக்கப்படாதவனிடம் போய், நான் என்பதை விடு என்று யார் சொல்ல முடியும்? நம் ஊர்களில் அகந்தை பிடித்தவன் என்ற வசை யார்மேல் அதிகம் விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள். காலில் செருப்போடு நடந்தவன் மேல். கோயில் வாசலில் தயங்காமல் ஏறியவன் மேல். பணிவு என்பது பல தலைமுறைகளாகக் கீழே இருந்தவரிடம் மட்டும் கேட்கப்பட்டது. அயோத்திதாசர் அநான்மாவை அந்தப் பக்கமிருந்து பார்க்கவில்லை. பிறப்பால் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையான பொருள் எதுவும் மனிதனுக்குள் இல்லை என்றால், பிறப்பால் உயர்ந்தவன் என்பதற்கும் உள்ளே ஒன்றும் இல்லை. அவருடைய பௌத்தத்தை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஜேர்மனியைப் பற்றிச் சுருக்கமாக. இந்த நாட்டிலும் நீலகேசிச் சண்டை நடந்திருக்கிறது. மியூனிக்கில் நீதிபதியாக இருந்த கியோர்க் கிறிம் 1915இல் ஒரு பெரிய நூல் எழுதினார். இது நானில்லை, அது நானில்லை என்று புத்தர் காட்டினாரே ஒழிய, ஆன்மா இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பது கிறிம்மின் கட்சி. பேர்லினில் ஹோமியோபதி மருத்துவராக இருந்த போல் டால்க்கே இதை ஏற்கவில்லை. 1924இல் அவர் ஃப்ரோனாவில் கட்டிய பௌத்த இல்லம் பின்னாளில் இலங்கைச் சங்கம் ஒன்றின் கைக்கு வந்து இன்றும் இருக்கிறது. வீஸ்பாடனில் 1878இல் பிறந்த அன்ரன் கூத் வயலின் படித்தவர். பர்மாவில் துறவு பூண்டு ஞானதிலோக தேரர் ஆகி, 1911இல் தொடந்துவைக்கு அருகே ஒரு தீவில் ஆசிரமம் அமைத்தார். அநான்மா புரியாவிட்டால் பௌத்தமே புரியாது என்று வாழ்நாள் முழுக்க வற்புறுத்தியவர் அவர். இரண்டு உலகப் போர்களிலும் பிரித்தானிய அரசு அவரைப் பிடித்து அடைத்தது. நான் என்று ஒன்று இல்லை என்று போதித்த துறவி அரசின் பதிவேட்டில் ஜேர்மன்காரர். அந்தப் பதிவேட்டிலிருந்து அவரால் தப்ப முடியவில்லை.

இனி நயினாதீவுக்கு வருகிறேன். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று நம்மவர் பலர் கொள்கிறார்கள். அங்கே இருந்த இருக்கையின் கதை இரண்டு மொழிகளில் இருக்கிறது. பாளி மகாவம்சத்தின் முதல் அதிகாரத்தில் நாகதீபத்து அரசர்கள் மகோதரனும் சூளோதரனும், மாமனும் மருமகனும், மணியிருக்கை ஒன்றுக்காகப் படைதிரட்டி நிற்கிறார்கள். புத்தர் நடுவானில் தோன்றி இருளைப் பரப்பி அச்சுறுத்தி, பின் ஒளி தந்து அறம் சொல்கிறார். அவர்கள் இருக்கையை அவருக்கே கொடுக்கிறார்கள். மணிமேகலை எட்டாம் காதையில் இருளும் இல்லை, அச்சுறுத்தலும் இல்லை. நாகநாட்டு அரசர் இருவர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் இது என்னுடையது என்கிறார். இருவராலும் அதைத் தூக்க முடியவில்லை. ஆசையையும் விட முடியவில்லை. பெரும்படையோடு போரிடுகிறார்கள். புத்தர் வந்து சண்டையை நிறுத்துங்கள், இது என்னுடையது என்று சொல்லி அதில் அமர்ந்து அறம் உரைக்கிறார். எனது என்ற சொல்லை அவரும் பயன்படுத்துகிறார். எடுத்துக்கொண்டு போவதற்காகச் சொல்லவில்லை. பிறகு அது வணங்குபவர்களுக்குப் பழம்பிறப்பைக் காட்டும் பீடிகையாக அங்கேயே கிடக்கிறது.

அதன் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, 1978 அதைத் தொடர்ந்தது. ஆள் இல்லை என்று சொன்ன தத்துவம் ஓர் அரசின் ஆள் ஆயிற்று. நிலத்தில் ஒரு பழைய செங்கல் வரிசை தெரிந்தால் அது ஓர் இனத்தின் உறுதிப் பத்திரமாகிறது. குருந்தூர் மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி உயிரச்சுறுத்தலைச் சொல்லிப் பதவி விலகி நாட்டைவிட்டே போனது 2023 செப்டெம்பரில். நாம் இதற்கு என்ன பதில் சொல்கிறோம்? கந்தரோடையில் 1917இல் போல் பீரிஸ் ஆராய்ந்த சிறு தூபிகள் தமிழ்ப் பௌத்தருடையவை, ஆகவே அவை நம்முடையவை என்கிறோம். வடக்கில் பௌத்தத்தைப் பின்பற்றிய தமிழர் இருந்தார்கள் என்பதை நானும் வலியுறுத்துவேன். பௌத்தம் என்றாலே சிங்களம் என்ற பொய்க்கு அது தேவையான மறுப்பு. இந்த வரலாற்றை நம்மவரான ஆ. வேலுப்பிள்ளையும் பீற்றர் ஷால்க்கும் பிறரும் உப்சாலாவிலிருந்து இரண்டு பெரிய தொகுதிகளாக 2002இல் கொண்டுவந்தார்கள். இந்தக் கோயில் குடமுழுக்குக் கண்ட அதே ஆண்டு. தேரிழுக்க வந்தவர்களில் எத்தனை பேர் அந்த நூலைத் திறந்து பார்த்தோம்?

என் சங்கடம் இதுதான். தமிழ்ப் பௌத்தம் என்பதை நாம் பெரும்பாலும் காணி வழக்கில் காட்டும் உறுதியாகவே எடுத்துக்கொள்கிறோம். அந்தத் தமிழர்கள் என்ன நினைத்தார்கள், எதைப் பற்று என்றார்கள் என்று நாம் கேட்பதில்லை. தூபி எங்களுடையது, அதன் கருத்து எங்களுக்கு வேண்டாம் என்றால் நாமும் அந்த இருக்கையைத் தூக்கப் பார்க்கிற இரண்டாவது நாகன்தான். உடனே ஒரு எதிர்வாதம் வரும்: ஒரு நாகனிடம் இராணுவம் இருக்கிறது, மற்றவனிடம் கட்டுரை மட்டும்தானே இருக்கிறது? உண்மை. இரண்டு பக்கமும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். சாத்தனாரின் கதையில் இருவரும் அரசர்கள், இருவரிடமும் படை உண்டு. விடு என்ற சொல் அங்கே படை வைத்திருந்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. காணியை இழந்த ஒருவரிடம் அது சொல்லப்படவில்லை. யாருக்கு அதைச் சொல்கிறோம் என்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் அகதி விசாரணை அறையில் அமர்ந்தவர்கள். பெயர், பிறந்த திகதி, ஊர், வந்த வழி, எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும். நான் இன்னார் என்பதைத் தாளில் நிறுவ முடியாதவருக்கு இங்கே இடமில்லை. அப்படிப் பெற்ற 'நான்' அது. அதை ஒரு மாலைநேரத் தியான வகுப்பில் கழற்றி வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மணிமேகலைக்கும் அப்படி யாரும் சொல்லவில்லை. காயசண்டிகை வடிவத்தில் அவள் நின்றதால்தான் உதயகுமரன் வெட்டுண்டான். கட்டியழைத்த பெயரும் உருவும் எவ்வளவு தூரம் ஆளைக் கொல்லும் என்று அவள் பார்த்தவள். பத்து வாதங்களையும் கேட்டவள். அவளிடம்தான் அறவண அடிகள், மகளே, இனி இதைக் கேள் என்ற நிலையில் நின்று பன்னிரண்டு கண்ணிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கிறார். கேட்டுவிட்டு அவள் பிறவி அறுக நோற்கிறாள். அந்த இடத்தில் காப்பியம் நின்றுவிடுகிறது. வீடுபேறு பெற்றாள் என்று ஒரு காட்சியைச் சாத்தனார் எழுதவில்லை.

நேரம் ஆகிவிட்டது. நேரலையில் கேள்விகள் வந்திருப்பதாகக் கை காட்டுகிறார்கள். முதலில் மெல்பேர்ண்காரரை எடுங்கள், அவர் தூங்கப் போக வேண்டும்.